ஏழாம் எண் ஜாடி

வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஆர்லிஸ் நுட்சன் வீட்டுக் கதவைத் தட்டிய கைல் ஸ்வோபோடாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் இருபத்தாறு வயது வாத்தியார். கக்கத்தில் ஒரு நோட்டை இடுக்கிக்கொண்டு, சேறு அப்பிய காலணியைக் கழற்றவும் மறந்து, சமையலறைக்குள்ளேயே வந்து நின்றான்.

ஆர்லிஸுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தொரு வருடம் அந்த மாவட்டத்தின் கிணறுகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. மாவட்டக் காவல் தலைவரான ஷெரிப்பிடம் கொண்டுபோகத் தயங்கும் விஷயங்களை ஊர்க்காரர்கள் அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

மேசையில் டெல்மர் ஹாஸ் உட்கார்ந்து அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்குக் கேசரோலை வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஓய்வு நேரத்தில் தானும் துப்பறிகிறவர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அன்றைக்கு அவருடைய புலம்பல் வேறு.

"பஸ்ல மூணாவது வரிசை, இடது பக்கம். ரெண்டு வாரம் முன்னாடி எந்தப் பிசாசு எதக் கொட்டுச்சோ, காஞ்சு வெள்ளையா பூத்துக் கிடக்கு ஆர்லிஸ். சோப்புக்கு அசையல. வினிகர் ஊத்தித்தான் போச்சு."

"உக்காரு கைல்," என்றார் ஆர்லிஸ். "காப்பி குடிக்கிறியா?"

"குடிச்சா வாந்தி எடுத்துருவேன். ஒரு குழந்தைய அதோட அம்மாகிட்ட இருந்து பிரிக்கப் போறாங்க. அதுக்குச் சாட்சி என் வகுப்பு நோட்டு."

அவன் சொன்னது இது. ஒதிலியா என்ற பெண் பன்றிக்கறி பதப்படுத்தும் ஹாம் ஆலையில் வேலை செய்கிறாள். வெர்லின் டெக்கர் பண்ணையில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். பெரியவள் யெசெனியாவுக்குப் பன்னிரண்டு வயது, கைலின் மாணவி. சின்னவள் நயேலி, நாலு மாதக் கைக்குழந்தை. இரண்டு வாரத்துக்கு முன்பு வகுப்பில் செறிவைப் பற்றியும் நீர்த்தலைப் பற்றியும் ஒரு சோதனை. எல்லாரும் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஜாடியில் கொண்டுவந்து, சாணத்திலும் உரத்திலும் இருந்து கிணற்றில் இறங்கும் நைட்ரேட் அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். யெசெனியாவின் ஜாடிக்கு ஏழாம் எண். அளவு ஒன்பது. பத்துக்குள் இருந்தால் குடிக்கலாம்.

முடிவு எழுதிய தாளைப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். அதுவரை குழந்தையின் பால்மாவுக்குக் கடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வாங்கிவந்த தாய், தாளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். இருந்தாலும் மனசு கேட்காமல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் கொதிக்கவைத்தே கலந்தாள். போன திங்கட்கிழமை குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசியில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்ததாம். உயிர் தப்பியது. நைட்ரேட்டோ, அதன் உறவான நைட்ரைட்டோ உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் எழுதினார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் குழந்தை நல அதிகாரி ஷெரில் ப்ரான்ட் அந்த வீட்டுக்குப் போனாங்க. குழாய்த் தண்ணியச் சோதிச்சா பூஜ்யம். என் தாள் ஒன்பதுங்குது. ரெண்டுமே நல்ல தண்ணி. அப்புறம் ஒதிலியாவோட ஏப்ரன் பையில ரோஸ் நிற உப்பு இருந்திருக்கு. கறி பதப்படுத்துற உப்பு. அது நைட்ரைட்டு. நாளைக்குப் பதினோரு மணிக்குக் குழந்தைய ஆஸ்பத்திரில இருந்து வெளிய விடுறாங்க. அம்மா கையில குடுக்க மாட்டாங்க."

"ரெண்டு வாரத்துல ஒன்பது எப்படிப் பூஜ்யமாச்சு?" என்று ஆர்லிஸ் கேட்டார்.

"வெர்லின் செவ்வாய்க் காலைலயே கிணத்த மூடிட்டு மாவட்டக் குடிநீர்க் குழாய இழுத்துக் குடுத்துட்டாரு. குழந்தை பாவம்னு."

டெல்மர் முள்கரண்டியை வைத்தார். "நான் சொல்லட்டா? பசங்க பத்து மடங்கு நீர்த்துட்டு, வந்த விடைய திரும்பப் பத்தால பெருக்க மறந்துருப்பாங்க. ஒன்பது இல்ல, தொண்ணூறு. முடிஞ்சுது."

"அப்படி இருக்கணும்னுதான் நானும் வேண்டிக்கிட்டேன்," என்றான் கைல். "நிறத்த ஒப்பிடுற எங்க வண்ண அட்டை பத்தோட முடிஞ்சுரும். அதுக்கு மேல போனா ஒரு பங்கு தண்ணிக்கு ஒன்பது பங்கு நைட்ரேட்டே இல்லாத வடிநீர் கலந்து பார்ப்போம். ஏழாவது ஜாடி அட்டைக்குள்ளயே வந்துச்சு. நீர்க்கவே இல்ல. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

ஆர்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கினார். மாணவர்களின் கோணல் எழுத்தில் கட்டங்கள். நைட்ரேட், தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பைக் காட்டும் கடினம், குளோரின் என்று மூன்று அளவு. முதல் வரி ஒப்பிட்டுப் பார்க்கப் பள்ளிக் குழாய்த் தண்ணீர்: நைட்ரேட் பூஜ்யம், கடினம் ஆறு, குளோரின் இரண்டு. பண்ணைக் கிணறுகள் எல்லாவற்றுக்கும் கடினம் இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டு வரை, குளோரின் பூஜ்யம். ஏழாவது வரியில் நைட்ரேட் ஒன்பது, கடினம் பன்னிரண்டு, குளோரின் ஒன்றரை.

அந்த வரியில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"பசங்களுக்கு நீ குடுத்த விதிமுறை எங்க?"

"முதல் பக்கம். ஜாடிய விளிம்பு வரைக்கும் நிரப்பணும், உள்ள காத்து இருக்கக் கூடாது. குறைஞ்சா அஞ்சு மார்க் போகும்."

"நிரப்பித்தான் கொண்டுவந்தாங்களா?"

"எல்லாருமே. ஏழாவது ஜாடி மூடிய திறந்தா வழியும், அவ்வளவு."

ஆர்லிஸ் எழுந்து கோட்டை எடுத்தார். "டெல்மர், வண்டிய எடு. வெளிச்சம் இருக்கும்போதே போயிடலாம்."

மார்ச் மாதத்துச் சரளைச் சாலை பனி உருகிக் குழம்பாகக் கிடந்தது. டெக்கர் பண்ணையில் வாடகை வீட்டுக்கு அறுபதடி தள்ளிப் பன்றிக் கொட்டகை, அதன் அடியில் சாணக் குழி. இடையில் மூடப்பட்ட கிணற்றின் மேல் புது சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. வெர்லின் டெக்கர் தன் டிரக்கில் சாய்ந்து நின்று இவர்கள் மூவரையும் பார்த்தார். எழுபது வயது, தேவாலயத்தில் முன்வரிசைக்காரர். தொப்பியைத் தொட்டாரே தவிரப் பக்கத்தில் வரவில்லை.

வீட்டுக்குள் ஒதிலியா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகத் தூங்காதவள் என்று பார்த்ததும் தெரிந்தது. மேசையில் கழுவிக் கவிழ்த்த பால்புட்டிகள் ஆறு. குடிக்கக் குழந்தை இல்லாத வீட்டில் அந்த வரிசையைப் பார்த்ததும் டெல்மர் தொப்பியைக் கழற்றினார். சுவரோரம் யெசெனியா நின்றாள், கைகள் இரண்டும் சட்டைக் கைக்குள் ஒளிந்திருந்தன.

"நான் கொதிக்க வெச்சுத்தான் குடுத்தேன், அம்மா," என்றாள் ஒதிலியா. "பாதி வத்துற வரைக்கும். ஒரு கிருமி இருக்கக் கூடாதுன்னு. அந்த உப்ப நான் வீட்டுக்குள்ள தொட்டது கூட இல்ல. கை துடைக்கிற ஏப்ரன் அது."

ஆர்லிஸ் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். நகக்கனம் வெள்ளைப் பொருக்கு. பிறகு குளிர்பெட்டியின் மேல் கதவைத் திறந்தார். பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் ஐஸ் தட்டு ஒன்று, முழுசாக.

"இது எப்ப ஊத்தி வெச்சது?"

"ஞாயித்துக்கிழமை. வேலை முடிஞ்சா மணிக்கட்டு வீங்கிரும், அதுக்கு வெச்சுக்குவேன். அப்புறம் ஐஸ் நெனப்பே வரல."

"அதத் தொடாதீங்க," என்றாள் யெசெனியா. அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு வேணும்."

"நான் தொட மாட்டேன்மா," என்றார் ஆர்லிஸ். அங்கிருந்தே ஷெரில் ப்ரான்ட்டைத் தொலைபேசியில் அழைத்தார். முக்கால் மணி நேரத்தில் வந்த அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டே தட்டைப் பையிலிட்டு, முத்திரை ஒட்டி, கையெழுத்துப் போட்டார். ஆர்லிஸ் ஒரு துண்டுத் தாளில் ஏதோ எழுதி, மடித்து, உறையிலிட்டு அவரிடமே கொடுத்தார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வகுப்பறையில பிரிக்கலாம்."

திரும்பும் வழியில் டெல்மரால் வாயை அடக்க முடியவில்லை. "வெர்லின்தான் ஜாடிய மாத்திருக்கணும். கிணத்த எதுக்கு அவசரமா மூடணும்? இல்லன்னா அந்தப் பொண்ணு... ஐஸ்னதும் பயந்துச்சு பாத்தியா? அம்மா ஏதோ செஞ்சிருக்கா, பொண்ணுக்குத் தெரியும். சே, அப்படி இருக்கக் கூடாது. நீ சொல்லேன்."

"மூணாவது வரிசை இடது பக்கம் யாரு உக்காருவா, டெல்மர்?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. வகுப்பறையில் சோதனை மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஷெரில், ஒதிலியா, வெர்லின், கைல், டெல்மர். யெசெனியா மட்டும் நின்றாள். சுவர்க் கடிகாரத்தை ஒதிலியா நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாள். இன்னும் மூன்று மணி நேரம்.

"நான் கிணறு பாத்துப் பொழச்சவ," என்று ஆர்லிஸ் தொடங்கினார். "தண்ணில தண்ணியக் கலந்தா, அது ஒண்ண மட்டும் தேடிப் போய்க் குறைக்காது. உள்ள இருக்கற அத்தனையும் சேர்ந்தேதான் குறையும். ஏழாவது ஜாடில நைட்ரேட்ட மட்டும்தான் எல்லாரும் பாத்தீங்க. பக்கத்துக் கட்டத்தப் பாருங்க. கடினம் பன்னிரண்டு. சுத்துவட்டாரத்துல எந்தக் கிணறும் முப்பதுக்குக் கிட்ட. அந்த வீட்டுக் கெண்டில நகக்கனம் பொருக்கு. அது பன்னிரண்டுத் தண்ணி கிடையாது."

"நீர்த்துப் போயிருக்கு," என்றான் கைல் மெதுவாக.

"எதால? மூணாவது கட்டம் சொல்லுது. குளோரின் ஒன்றரை. கிணத்துக்குள்ள குளோரின் எப்படி வரும்? இந்த நோட்டுல குளோரின் இருக்கிற இன்னொரு வரி ஒண்ணே ஒண்ணு. உங்க தாழ்வாரத்துக் குழாய். கடினம் ஆறு, குளோரின் ரெண்டு. கிணத்துத் தண்ணி ஒரு பங்கு, பள்ளித் தண்ணி மூணு பங்கு. கலந்து பாத்தா பன்னிரண்டும் ஒன்றரையும் கச்சிதமா வரும். அப்ப அந்த ஒன்பது, நாலுல ஒரு பங்குதான்."

ஷெரில் நிமிர்ந்தார். "யார் கலந்தாங்க? மிஸ்டர் டெக்கரா?"

"வெர்லின் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வெச்சது இன்னிக்குத்தான். கைல் கலந்திருந்தா நோட்டுல குளோரின எழுத விட்டிருக்க மாட்டான்." ஆர்லிஸ் டெல்மர் பக்கம் திரும்பினார்.

டெல்மர் தொப்பியைக் கையில் கசக்கினார். இரவெல்லாம் இதை மனசுக்குள் உருட்டியவர். "வினிகருக்குப் போகுற வெள்ளைக் கறை கடினத் தண்ணிக் கறைதான். என் பஸ்ல காஞ்சது அது. அன்னிக்கு நான் லேட்டு. பாலத்து மேட்டுல மெதுவாப் போகணும், போகல. தூக்கிப் போட்டுச்சு. பின்னாடி ஏதோ உருண்டுச்சு. திரும்பிக்கூடப் பாக்கல."

யாரும் பெண்ணைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லாரும் சிரமப்பட்டார்கள்.

"முக்கால் ஜாடி கொட்டிடுச்சு," என்றாள் யெசெனியா. தரையைப் பார்த்தே பேசினாள். "மூடி சரியில்ல. ஊறுகாய் ஜாடி அது. அஞ்சு மார்க் போயிடுமேன்னு தாழ்வாரத்துல புடிச்சு ரொப்பிட்டேன். தண்ணிதானேன்னு நெனச்சேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அடுத்த நாளு மிஸ்டர் ஸ்வோபோடா நீர்த்தல் பாடம் நடத்துனப்ப. அப்பவே அம்மா தாள ஒட்டிட்டாங்க. சொல்லணும்னு தெனம் நெனச்சேன். சொன்னா அம்மா திரும்பவும் தண்ணி தூக்கிட்டு வரணும், கை வலிக்கும்னு..." சட்டைக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் அவ நீலமாயிட்டா. நான்தான் ஆக்குனேன். சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சுரும். சொல்லலன்னா அம்மாவப் புடிச்சுக்குவாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

ஒதிலியா எழ முயன்றாள். ஆர்லிஸ் கையமர்த்தினார். அந்த நேரத்தில் அவரைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் டெல்மர் நினைத்தார்.

"இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாம் கணக்குத்தான். நிரூபணம் அந்தப் பையில இருக்கு. திங்கட்கிழமைக்கு முந்தின கிணத்துத் தண்ணி இந்த உலகத்துல மிச்சம் இருக்கறது அந்த ஐஸ் மட்டும்தான். யெசெனியா, நீயே அளந்து சொல்லு."

"என்னால முடியாது."

"முடியும். உன் பேர்ல ஒரு தப்பான எண் இருக்கு. அத வேற யாரு திருத்தினாலும் உனக்கு நிம்மதி வராது."

ஷெரில் முத்திரையைக் கிழித்தார். ஐஸ் உருகித் தண்ணீராகியிருந்தது. யெசெனியா சட்டைக் கைக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்தாள். முதல் குப்பியில் மருந்தைப் போட்டதும் சிவப்பு பரவி, அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தாண்டிக் கருத்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவள் திரும்பவில்லை. சொட்டுக்குழாயில் ஒரு பங்கு எடுத்து, ஒன்பது பங்கு வடிநீரை ஒவ்வொரு கோடாகக் கண்ணருகே வைத்துப் பார்த்து ஊற்றினாள். ஒரு முறை ஒரு சொட்டு கூடிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்தாள். ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள்.

"மூன்றரை," என்றாள். பிறகு, "பத்தால பெருக்கணும். முப்பத்தஞ்சு."

ஷெரில் நேற்றைய உறையைப் பிரித்தார். தாளில் ஆர்லிஸின் கையெழுத்தில் 'ஒன்பது நாலு முப்பத்தாறு' என்று இருந்தது.

"கொதிக்க வெச்சா கிருமி சாகும், நைட்ரேட் சாகாது," என்றார் ஆர்லிஸ். "தண்ணி ஆவியாப் போகும், அது பாத்திரத்துலயே நிக்கும். பாதி வத்த விட்டா எழுபது. இந்தம்மா பயந்து பயந்து கவனமா செஞ்ச காரியம் அது. இதுக்கு மேல ரோஸ் உப்பு எதுக்கு, ஷெரில்? அது இல்லாமலே கணக்கு சரியா முடிஞ்சுருச்சு."

ஷெரில் அலுவலகத்துக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆர்லிஸ் இப்போது வெர்லின் பக்கம் திரும்பினார். "மாவட்டக் குழாய் உன் வேலியோரம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. குழந்தை ஆஸ்பத்திரி போன மறுநாள் காலைலயே இணைப்பு குடுத்த. உனக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"எங்கப்பா காலத்துல ஒரு தடவ சோதிச்சாங்க," என்றார் வெர்லின். "பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்க. கைக்குழந்தை இருந்தாத்தான்னு... அந்த வீட்ல அப்பக் கைக்குழந்தை இல்ல."

"இவங்க குடிவந்தப்ப?"

"கர்ப்பமா இருந்தா. தெரியும்."

வெளியே தாழ்வாரத்தில் பிள்ளைகள் பூட்டுப்பெட்டிகளை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. வெர்லின் எழுந்து போனபோது அவருக்கு யாரும் வழி விடவும் இல்லை, வழி மறிக்கவும் இல்லை.

ஆர்லிஸ் பெண்ணின் பக்கத்தில் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ செஞ்சது தப்பு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், நீ நம்பவும் மாட்ட. ஆனா கிணத்துக்குள்ள அத நீ போடல. தெரிஞ்சே வாய மூடிக்கிட்டவன் எழுபது வயசுக்காரன். நீ இன்னிக்குச் சொல்லிட்ட."

கைல் நோட்டை விரித்து வைத்தான். ரப்பரைத் தேடிய யெசெனியாவைத் தடுத்தான். "அழிக்கக் கூடாது. அடிச்சுட்டு எழுது." அவள் ஒன்பதின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் முப்பத்தைந்து என்று எழுதினாள். குறிப்புக் கட்டத்தில், 'பள்ளித் தண்ணீர் கலந்துவிட்டது, கலந்தது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பதினோரு மணிக்கு டெல்மர்தான் அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். பாலத்து மேட்டில் வண்டி நடை வேகத்துக்கு இறங்கியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். டெல்மர் காதில் வாங்கவில்லை.

நர்ஸ் நயேலியை ஒதிலியாவின் கையில் வைத்தாள். குழந்தை பசித்து அழுதது. ஒதிலியா புட்டியில் பாலைக் கலந்து மகள் பக்கம் நீட்டினாள். யெசெனியா பின்னால் நகர்ந்தாள்.

"நீ குடும்மா. நான் வேணாம்."

"உக்காரு, மிஹா," என்று தன் தாய்மொழியில் 'மகளே' என அழைத்தாள் ஒதிலியா. வழியெல்லாம் மகளோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

"இது எந்தத் தண்ணி?"

தாய் கடையில் வாங்கிய குடத்தைத் தூக்கி, அதன் மூடியிலிருந்த கிழியாத முத்திரை வளையம் மகளுக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினாள். பக்கத்தில் இருந்த இன்னொன்றிலிருந்துதான் கலந்திருந்தாள். அப்போதுதான் கிழித்த அதன் வளையம் மேசைமேல் கிடந்தது. யெசெனியா இரண்டையும் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தங்கையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

குழந்தை குடித்து முடிக்கும்வரை அவள் அதன் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.